ஒரே கையில் ஆயிரம் கிலோமீட்டர்

புது மோட்டார் சைக்கிளோடு ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். அதை யாரும் படிப்பதில்லை. இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு சீட்டுக்கு அடியில் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் நனைந்து, கோடையில் காய்ந்து அப்பளமாகிவிடும். நான் அதை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு, பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் மூடியைத் திறக்கும் பழக்கம் வராது.

இன்ஜினைப் பழக்குவது பற்றி அதில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வேகமாக ஓட்டாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். நின்ற இடத்தில் முறுக்காதீர்கள். பாரம் ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் இரும்புகள் ஒன்றோடு ஒன்று உரசிப் பழகிக்கொள்ளும் வரை பொறுமையாக இருங்கள் என்பதுதான் சாரம். எழுதியவர் நல்லவர். ஆனால் எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறி மணலி புதுநகர், வல்லூர் வழியாக மீஞ்சூர் வரைக்கும் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது படிக்கும்போதே தெரிந்தது. அந்தச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகம் என்பது ஒன்று முடியாத வேகம், இல்லையென்றால் பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்குப் போதாத வேகம்.

புத்தகத்தில் இல்லாத ஒரு விதியும் உண்டு. அதைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். முதல் ஆயிரம் கிலோமீட்டரை ஒரே கைதான் ஓட்ட வேண்டும். வேறு கை பட்டால் இன்ஜின் குழம்பிவிடும். அப்புறம் ஆயுசு முழுக்கப் பெட்ரோலைக் குடிக்குமே தவிர இழுக்காது. எங்கள் பக்கத்தில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதையே சொல்வார். யாருடைய கை என்று இன்ஜினுக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். பெற்ற தாயைக் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவர் டிரெய்லர் ஓட்டுகிறார். நாற்பது அடி கன்டெய்னரைத் துறைமுகத்துக்கும் மணலி பக்கத்து யார்டுகளுக்கும் இடையே பதினாறு வருடங்களாக இழுத்துக்கொண்டிருக்கிறார். இழுப்பது குறைவு, வரிசையில் நிற்பது அதிகம். திருவொற்றியூரில் எங்கள் வீடு. நான் மீஞ்சூருக்கு அப்பால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், தண்ணீரின் உப்பைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடம் உதவியாளராக இருந்தேன். ரயிலில் போய் ரயிலில் வந்தேன். அந்த வருடம் முதல் ஷிப்டுக்குப் பொறுப்பாளர் வேலையைத் தருவதாகச் சொன்னார்கள். முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. ஆறு மணிக்குள் ஆலைக் கதவுக்குக் கொண்டுபோய் விடும் ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. வண்டியில் வருகிறேன் என்றால் பொறுப்பாளர். முடியாது என்றால் பன்னிரண்டாவது வருடமும் உதவியாளர்.

எனக்கு லைசென்ஸ் இருந்தது. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் எட்டு போட்டு வாங்கியது. ஸ்கூட்டர் போதாதா என்று தெருவே கேட்டது. எங்கள் சாலைப் பள்ளத்தில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் இறங்கினால் ஏறாது என்பது அவரே ஒருகாலத்தில் சொன்னது. அதை அவருக்கே திருப்பிச் சொல்லி மோட்டார் சைக்கிள் என்று முடிவு செய்தேன். நீல நிறம்.

ஷோரூமில் அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றை வைத்திருந்தார்கள். அதை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வண்டி என் பெயரில், கையெழுத்து என் கையெழுத்து. ஆனாலும் எந்தெந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று ஷோரூம் பையன் விளக்கியதெல்லாம் அவரிடம். அவர் பதினாறு சக்கரம் ஓட்டுகிறவர், அதனால் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது.

"ஆயிரம் வரிக்கும் நானே ஓட்டிப் பழக்கிக் குடுத்துர்றேன். அப்பால நீ எடுத்துக்கினு போ" என்றார்.

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் வாதம் செய்தால் தோற்றுவிடுவேன் என்பது கல்யாணமான முதல் வருடமே கற்றது. அதனால் அவருடைய சட்டத்தையே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரே கைக்குப் பழகுகிற இன்ஜின் உங்கள் கைக்குப் பழகிவிட்டால், அப்புறம் என் கையில் குழம்பாதா? அவர் ரொம்ப நேரம் யோசித்தார். தினமும் ஓட்டப்போகிற கைதான் முதலிலிருந்தே ஓட்ட வேண்டும் என்பதை இன்ஜினுக்காக ஒப்புக்கொண்டார். எனக்காக ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

அவருடைய பயம் இன்ஜினைப் பற்றியது அல்ல என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன்னால் வல்லூர் முனையில், அவருக்கு முன்னால் போன லாரியின் இடதுபக்கச் சக்கரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் விழுந்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் தன் பழைய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை. புது வண்டி வந்த அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"கேபின்லேர்ந்து பாத்தா லெஃப்ட்ல வர்ற பைக் தெரியாதுமே."

அப்புறம் நிபந்தனைகள். நாற்பதைத் தாண்டக்கூடாது. பின்சீட்டில் யாரும் ஏறக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டும். கடைசியாக முக்கியமானது: ஆயிரம் முடிவதற்குள் வண்டியில் ஒரு கோடு விழுந்தாலும் மறுநாளிலிருந்து ரயில்தான், ஷிப்டை விட்டுவிட வேண்டும். ஒரு கோடும் விழாமல் ஆயிரம் முடிந்தால் அதன்பிறகு அந்த வண்டியைப்பற்றி அவர் வாயே திறக்க மாட்டார். ஒப்புக்கொண்டேன். பதினொரு வருடத்து வேலை ஒரு பெயின்ட் கீறலில் வந்து நின்றது.

மறுநாள் சனிக்கிழமை, விடிவதற்கு முன்னால் எழுந்து வந்தால் அவர் வண்டியின் பின்னால் குந்திக்கொண்டிருந்தார். சீட்டின் பின்கம்பியில் முழ நீளத்துக்குச் சிவப்புத் துணியை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். இரும்புக் கம்பி ஏற்றிப்போகும் லாரியின் பின்னால் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தொங்குமே, அதே துணி. திருஷ்டிக்கு என்றார். ஆயிரம் வரைக்கும் இருக்கட்டும், அவிழ்க்காதே என்றார்.

திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஆனால் கையை விட்டுக்கொடுத்த மனுஷன், ஒரு துணிக்காகச் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் போய்ச் சேர இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. புது சைலன்ஸரில் பெயின்ட் தீய்ந்த வாசனை வந்தது. மணலி வந்ததும் மணலியின் வாசனை வந்து அதை அமுக்கிவிட்டது. கணுக்காலில் இன்ஜின் சூடு. பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் இறங்கும்போது விரல்கள் விரிய மறுத்தன. ஆலை வாசலில் நின்று போன் பண்ணினேன்.

"வந்துட்டேன்."

"எவ்ளோ கீது?"

மீட்டரைப் பார்த்து இருபத்தாறு என்றேன். ஷோரூமிலிருந்து வந்த நாலும் சேர்த்து. சரி என்று வைத்துவிட்டார். தினமும் அவ்வளவுதான் பேச்சு. வந்துட்டேன். எவ்ளோ கீது. எழுபது. நூற்றுப் பதினாலு. நூற்று ஐம்பத்தெட்டு. உப்பு அளவைக் குறித்துக்கொள்வதைப்போல் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அந்தச் சாலையைப்பற்றிச் சொல்ல வேண்டும். அதில் டிரெய்லர்கள் இரண்டு நிலையில் இருக்கும். நின்றுகொண்டிருந்தால் குடித்தனம். டயருக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவார்கள், லுங்கியைக் காயப்போடுவார்கள், கண்ணாடியைப் பார்த்து முகம் வழிப்பார்கள். நகர ஆரம்பித்தால் எமன். வல்லூர்ப் பக்கம் அனல் மின்நிலையத்துச் சாம்பல் எல்லாவற்றின் மேலும் படிந்திருப்பதால் எந்த வண்டி என்ன நிறம் என்று சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் காதருகே ஆரன் அடித்து ஓரத்துக்குத் துரத்தப்படுவது அங்கே அன்றாடம்.

எனக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை.

முதல் வாரம் கவனித்தேன். பின்னால் டிரெய்லர் வரும், வெளிச்சம் கண்ணாடியில் தெரியும். இடித்துக்கொண்டு வரப்போகிறது என்று உடம்பு சுருங்கும். அது வராது. இருபது முப்பது அடி தள்ளி, நான் போகும் வேகத்திலேயே வந்துகொண்டிருக்கும். பள்ளத்துக்காக நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகும். சாலை அகலமாகும் இடத்தில் தாராளமாக விலகி, ஆரன்கூட அடிக்காமல் தாண்டிப்போகும்.

இரண்டாவது வாரம் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. நான் நன்றாக ஓட்டுகிறேன். நடுக்கம் இல்லாமல், ஒரே கோட்டில், தெளிவாக ஓட்டுகிறவளுக்கு டிரெய்லர்காரன் மரியாதை கொடுக்கிறான். ஆய்வுக்கூடத்தில் என் கீழ் வேலை செய்த இரண்டு பேருக்கும் இதை விளக்கினேன். லாரிக்காரனைப் பார்த்துப் பயந்தால்தான் அவன் நெருக்குவான் என்றேன். தைரியமாக நடுச்சாலையில் போக வேண்டும் என்றேன். அதில் ஒருவர் தினமும் அதே சாலையில் வருகிறவர், கையில் மாவுக்கட்டு அவிழ்த்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீக்கரைக் கழுவினார். பொறாமை என்று நினைத்தேன்.

பதின்மூன்று நாள் சாம்பலில் அந்தத் துணி கரித்துணி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மற்ற துணிகளோடு அதையும் துவைத்துக் கொடியில் போட்டேன். திங்கட்கிழமை அவசரத்தில் மறந்து கிளம்பிவிட்டேன். அவர் முந்தின நாளே லோடு ஏற்றப் போயிருந்ததால் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

மேம்பாலம் இறங்கியதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பின்னால் ஆரன், விட்டுவிட்டு இல்லை, விடாமல். ஒதுங்கினேன். அது போனதும் அடுத்தது. முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப்போனதை எண்ண முடிந்தது. தாண்டும்போது எழுந்த காற்று வண்டியை ஒருபக்கம் இழுத்தது. போன சனிக்கிழமை வரை மரியாதை கொடுத்தவர்களுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று தெரியவில்லை. நான் அதே ஆள்தான், அதே வண்டிதான். நாற்பதில்தான் போகிறேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே நடுச்சாலைக்கு வந்து தைரியமாகப் போனேன். வல்லூர் முனைக்கு முன்னால் பின்னாலிருந்து வந்த டிரெய்லர் அடித்த ஆரனில் என் தைரியம் தீர்ந்தது. தாரை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கினேன். முன்சக்கரம் மணலில் புதைந்தது. வண்டி ஒருபக்கமாக, அவசரமே இல்லாமல் சாய்ந்தது. நானும் கூடவே சாய்ந்தேன்.

இன்ஜின் நின்றது. எனக்கு அடி இல்லை, முட்டி மட்டும் சிராய்த்திருந்தது. முதலில் முட்டியைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தேன். கால்களுக்கு முன்னால் வளைந்து நிற்கும் கிராஷ் கார்டு கம்பியில் விரல் நீளத்துக்குப் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. மண்ணில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போயிற்று என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

வரிசையில் நின்றிருந்த வண்டியிலிருந்து லுங்கி கட்டிய டிரைவர் ஒருவர் பல்துலக்கிய வாயோடு ஓடிவந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பின்பக்கம் போய்ச் சீட்டுக் கம்பியைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்புகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட விதத்தில், பதில் அவருக்கு முக்கியம் என்பதுபோல் இருந்தது. மணி ஐந்து நாற்பது. வேலைக்கு என்றேன். ஸ்டார்ட் செய்தேன். மீதி ஒன்பது கிலோமீட்டரையும் ஓரமாக ஓட்டிக்கொண்டு ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன்.

"வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் இல்லையோ என்று பார்த்தேன்.

"எவ்ளோ கீது?"

"ஐந்நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"சரி."

கோடு விழுந்ததைச் சொல்லவில்லை. அவர் வந்ததும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மதியம் திரும்பும் வழியில் என் கால்கள் தாமாகவே வலைக் கயிறு விற்கும் கடைக்குப் போய், மஞ்சளும் நீலமுமாக நைலான் கயிறு வாங்கின. எங்கள் பக்கத்துப் பையன்கள் கிராஷ் கார்டில் கயிறு சுற்றி அலங்காரம் செய்வார்கள். நாற்பத்தோரு வயதில் நானும் சுற்றினேன். கோடு இருந்த இடத்தில் இரண்டு அடுக்கு.

மறுநாள் வீட்டுக்கு வந்தவர் கயிற்றைப் பார்த்தார். ஸ்டைலுக்கு என்றேன். தலையாட்டினார். பக்கத்தில் குந்தி, நான் போட்டிருந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். இந்த முடிச்சு நாலு நாளில் அவிழ்ந்துவிடும் என்று சொல்லி அவிழ்த்தார். கோட்டுக்கு மேலே இருந்த கடைசிச் சுற்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை இறுக்கிச் சுற்றி, கன்டெய்னர் கட்டும் முடிச்சுப் போட்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

சிவப்புத் துணியைக் கொடியிலிருந்து எடுத்துத் திரும்பக் கட்டியது நானேதான். கட்டிய அன்றே சாலை பழையபடி ஆகிவிட்டது. தள்ளி வந்தார்கள், விலகிப் போனார்கள், ஆரன் இல்லை. பி.எஸ்ஸி. வேதியியல் அன்றோடு முடிந்தது. துணி இருந்தால் ஒரு விளைவு, இல்லாவிட்டால் வேறு விளைவு, மற்ற எல்லாம் அப்படியே. சோதனைக்கூடத்தில் இதற்கு மேல் என்ன நிரூபணம் கேட்பார்கள்? திருஷ்டி உண்மைதான் என்று முடிவுக்கு வந்தேன். காலையில் கிளம்பும்போது துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் ஆரம்பித்தேன். அவர் பார்க்காதபோதுதான்.

எழுநூற்றைம்பதில் முதல் சர்வீஸ். மெக்கானிக் பழைய ஆயிலை வடித்து, விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பில் பொடிப்பொடியாக மினுக்கியது. உள்ளே தேய்ந்த இரும்பு, அப்படித்தான் இருக்கும் என்றார். சார் வரலையா என்று கேட்டார். சார் இந்த வண்டியைத் தொட்டதே இல்லை என்றேன். இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டவர், ஒரே கை, நல்ல கை என்றார். எனக்கு யாரும் இப்படி ஒரு பாராட்டைக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து அதை மூன்று தரம் சொன்னேன். அவர் மூன்று தரமும் தலையாட்டினார்.

ஆயிரம் ஆனது ஒரு வியாழக்கிழமை மதியம், ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, நந்தியம்பாக்கம் தாண்டி. ஓரமாக, நின்ற டிரெய்லர் வரிசைக்குப் பக்கத்தில், மெல்ல உருட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடியே போனேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போய் ஆயிரம் வந்தது. டீக்கடை வாசலில் நிறுத்தினேன். இறங்கிப்போய்த் துணியை அவிழ்த்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் அவிழ்த்தேன்.

தலைக்கு மேலே ஒரு கேபின் கதவு திறந்தது. அன்றைக்கு வண்டியைத் தூக்கி நிறுத்திய அதே டிரைவர்.

"அக்கா, ஆயிரம் ஆயிடுச்சா? இனிமே நாங்க வேகமா போலாமா?"

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் உங்களுக்கே தெரியாதா என்பதுபோல் பார்த்து, போனைத் தேடி எடுத்து, டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்த குரலை ஓடவிட்டார். என் வீட்டுக்காரரின் குரல். பின்னணியில் எங்கள் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

"நீல கலர் பைக்கு, பின்னால செவப்புத் துணி கட்டிக்கினு வரும். நம்ம வூட்டு வண்டி. புது இன்ஜின். நாப்பதுலதான் போவும். ஆரன் அடிக்காதீங்க, ஒட்டாதீங்க, பின்னாலயே வாங்க. ஆயிரம் வரிக்கும்தான்."

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்காமல் கிளம்பினேன். வீடு வரும் வரை முகம் எரிந்துகொண்டே இருந்தது. இத்தனை நாளும் என்னைப் பார்த்து ஒதுங்கியவர்கள் யாரும் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நான் செய்த பிரசங்கம் ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது. பீக்கர் கழுவியவரின் மாவுக்கட்டும் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அவர் வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் துணியை அவர் முன்னால் வைத்தேன். அவர் துணியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"ஒரே கைன்னு சொன்னியேய்யா. ஊர்ல கீற அத்தினி டிரைவரும் சேர்ந்து ஓட்டிக் குடுத்தா அது ஒரே கையா?"

"கை உன்துதான். நாங்க கால்தான் வச்சோம். பிரேக்குல."

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. நியாயத்துக்கு நியாயம் என்று நானும் உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்தேன். கயிற்றுக்கு அடியில் ஒரு கோடு இருக்கிறது, நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன், நாளையிலிருந்து ரயிலில் போகச் சொன்னால் போகிறேன் என்றேன்.

"தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அன்றைக்கே, நான் போன் பண்ணுவதற்கு முன்னாலேயே, வண்டியைத் தூக்கி நிறுத்தியவர் அவருக்குப் பேசிவிட்டாராம். போனில் சத்தம் இல்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் ஞாபகம் வந்தது. கோட்டுக்கு மேலே இருந்த சுற்றை மட்டும் அவிழ்க்காமல் விட்டு அவர் முடிச்சுப் போட்டதும் ஞாபகம் வந்தது.

அப்படியென்றால் அன்றைக்கே ஏன் நிறுத்தவில்லை, அதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் துணியை எடுத்து நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"வூட்டுக்குத் திரும்பிடுவேன்னு நெனச்சேன். திரும்பியிருந்தா நிறுத்தியிருப்பேன். நீ எந்திரிச்சு ட்யூட்டிக்குப் போனியாமே."

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலை துணி இல்லாமல் கிளம்பினேன். அவர் வாசலில் நின்றார், சொன்ன சொல்படி வாயைத் திறக்கவில்லை. மேம்பாலம் இறங்கியதும் முதல் ஆரன் காதில் விழுந்தது. மணலியிலிருந்து மீஞ்சூர் வரை எல்லோருக்கும் அடிப்பதைப்போலவே எனக்கும் அடித்தார்கள். பயமாக இருந்தது, வழி முழுக்க இருந்தது. நடுச்சாலையில் போகவில்லை. யாருடைய இடதுபக்கத்திலும் நிற்கவில்லை. வல்லூர் முனையில் மண்ணில் இறங்காமல் தாரிலேயே ஒதுங்கி நின்று, மூன்று டிரெய்லரை விட்டுவிட்டு ஏறினேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஆலை வாசலில் நின்று போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துட்டேன்."

"எவ்ளோ கீது?"

"ஆயிரத்து முப்பத்தெட்டு."

"ஆரன் அடிச்சானுங்களா?"

"அடிச்சானுங்க."

"அடிக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அன்றைய முதல் மாதிரியை எடுக்கப் போனேன்.